கேடி: கேடு செய்பவனா, ஏட்டில் இருப்பவனா?

ஜூன் 2 – ஒரு வாசகரின் கேள்வி

"கேடி சுத்தமான தமிழ்ச் சொல். கேடு செய்பவன் கேடி. கூன் விழுந்தவள் கூனி, நொண்டுகிறவன் நொண்டி, அதே வழியில் இதுவும் வந்திருக்கிறது. இது ஏதோ இரண்டு ஆங்கில எழுத்து என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு திட்டுச்சொல்லைக்கூடவா வெள்ளைக்காரன் கணக்கில் எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்."

ஜூன் 2, இரவு

இரண்டு ஆங்கில எழுத்துதான். கே, டி. விரித்தால் 'நோன் டெப்ரிடேட்டர்' (Known Depredator). டெப்ரிடேட்டர் என்றால் சூறையாடுகிறவன், பிறர் பொருளைக் கொள்ளை கொள்கிறவன். 'நோன்' என்பது போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்தவன் என்பதைச் சொல்கிறது. சென்னை மாகாணப் போலீசார், திருட்டு கொள்ளை வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்கு ஸ்டேஷனில் தனி ஏடு வைத்துக் கண்காணித்தார்கள். அந்த ஏட்டில் பேர் ஏறியவன் கே.டி. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான். ஏட்டைப் பார்த்துக் கான்ஸ்டபிள் சொன்னதை ஊர் கேட்டது, ஊர் சொன்னதைத் தெரு கேட்டது, புள்ளிகள் உதிர்ந்து கேடி ஆயிற்று.

ஜூன் 3

"இது உங்கள் கூற்று, ஆதாரம் எங்கே?" என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்தான். அவர் காட்டும் இலக்கணத்தையும் தள்ள முடியாது. கூன் – கூனி இருக்கும்போது கேடு – கேடி ஏன் கூடாது? கூடும். தமிழை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் வழக்கு இழுத்துக்கொண்டேதான் போகும். அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

தெலுங்கில் இதே பொருளில் 'கேடீ' இருக்கிறது. பேச்சிலும் சினிமாத் தலைப்பிலும் புழங்குகிற சொல். ஆனால் நம் 'கெடு' தெலுங்கில் 'செடு' என்றுதான் வரும். கெட்ட என்பதற்கு அங்கே 'செட்ட'. இகர எகரத்துக்கு முன் நிற்கும் பழைய ககரம் தெலுங்கில் சகரமாகிவிட்டது. நம் கிளி அங்கே சிலுக. ஆகவே கேடு என்ற வேரிலிருந்து தெலுங்கு ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தால் அது சகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். கேடீ ககரத்தில் தொடங்குகிறது. அப்படியானால் அது தெலுங்கின் சொந்த வேரில் முளைத்ததாக இருக்க முடியாது.

அங்கே எப்படி வந்தது என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கடற்கரை ஆந்திரமும் ராயலசீமையும் சென்னை மாகாணத்தில் இருந்தவை. 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்துக்குப் பிறகு மாவட்டங்களில் இருந்தது ஒரே போலீஸ். தஞ்சாவூர் ஸ்டேஷனில் ஒரு ஏடு என்றால் நெல்லூர் ஸ்டேஷனிலும் அதே ஏடு, அதே இரண்டு எழுத்து.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

மலையாளத்தைச் சேர்க்க மறந்துபோகும் முன் எழுதிவிடுகிறேன். அங்கே டகரத்துக்கு வன்மையான எழுத்து ஒன்று, மென்மையான எழுத்து ஒன்று என்று தனித்தனியாக உண்டு. சொந்தச் சொல்லான கேடு, ஒலி மெலிந்தாலும் வன்மையான எழுத்தில்தான் எழுதப்படும். ரவுடிப் பொருளில் வரும் கேடியை மென்மையான எழுத்தில் எழுதுகிறார்கள். வடசொல், ஆங்கிலச் சொல் போன்ற வெளிச் சொற்களுக்கு வைத்திருக்கிற எழுத்து அது. 'கேடி லிஸ்ட்' என்று சேர்த்தே சொல்கிறார்கள். மலபாரும் சென்னை மாகாணம்தான்.

நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'டி'. தமிழில் மட்டும் இந்தச் சந்தேகம் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம்.

ஜூன் 5

இரண்டு நாளாக இதே யோசனை. கேள்வி கேட்டவர் பக்கத்தில் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விடுவது முறையல்ல.

கன்னடம். அங்கே கேடு என்பது கேடேதான், ககரம் மாறவில்லை. கேடு செய்கிறவனுக்குக் 'கேடிக' என்று சொந்தச் சொல்லே இருக்கிறது. போலீஸ் ஏடு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆக, இந்த வேரிலிருந்து இப்படி ஒரு சொல் முளைப்பது திராவிட மொழியில் இயல்பான காரியம். தமிழில் அது முளைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே என் வாதம். முளைக்கவே முளைக்காது என்று நான் சொல்லவில்லை.

இதை வைத்து இன்னும் ஒரு படி போகலாம். ஏட்டிலிருந்து எத்தனையோ சுருக்கெழுத்துகள் வந்தன, எல்லாமா தெருவில் நிலைத்தன? 'எச்.எஸ்.' என்று ஹிஸ்டரி ஷீட்டைச் சொல்வது போலீஸ்காரர்களோடு நின்றுவிட்டது. பாட்டி பேரனைத் திட்ட அதை எடுக்கவில்லை. கே.டி. மட்டும் ஏன் வீட்டுக்குள் வந்தது? கேட்ட காதில் ஏற்கெனவே 'கேடு' இருந்தது. அந்நியச் சொல் என்ற உறுத்தல் யாருக்கும் தோன்றவில்லை. பிறந்தது ஸ்டேஷனில், வளர்த்தது கேடு. வாசகர் சொன்னதில் பாதி இப்படி உண்மையாகிறது. அந்தப் பாதியை நான் மனதார ஏற்கிறேன்.

ஜூன் 6

"அதற்கு முன் நம்மிடம் சொல்லே இல்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நிறைய இருந்தன. அவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான அக்கறை பிடித்தது.

சங்கப் பாட்டில் ஆறலை கள்வர். ஆறு என்றால் வழி. வழியில் போகிறவர்களை அலைக்கழித்துப் பொருளைப் பறிக்கிறவர்கள். இன்றைய பேப்பரில் 'வழிப்பறி' என்று போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கட்டுமானம். ஆறு வழியாயிற்று, அலைத்தல் பறித்தலாயிற்று, இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு.

கன்னக்களவு. சுவரில் துளை போடுவது கன்னம் வைத்தல், போடுகிற கருவி கன்னக்கோல். மண்சுவர் போய் கான்கிரீட் வந்து, பூட்டை உடைத்துப் புகுந்தாலும் போலீஸ் புள்ளிவிவரத்தில் இன்றைக்கும் 'கன்னக்களவு – பகல்', 'கன்னக்களவு – இரவு' என்று இரண்டு கட்டம் இருக்கும்.

தீவட்டிக் கொள்ளை. கும்பலாக, கையில் தீவட்டியோடு, ஒளியாமல் மறையாமல் வந்து வீட்டை வளைப்பது. வெளிச்சத்தோடு வருவதே ஒரு மிரட்டல். மேடையில் எதிர்க்கட்சியைத் திட்ட இந்தச் சொல் இன்னும் எடுபடுகிறது.

முடிச்சவிழ்க்கி. இதில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். சட்டைப் பை வராத காலத்தில் காசு இருந்த இடம் துணியின் முனை. நாணயங்களை முந்தானையின் ஓரத்தில், அல்லது வேட்டித் தலைப்பில் வைத்து, துணியைச் சுருட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுப்பார்கள். எச்சில் தொட்டு இறுக்குவதும் உண்டு. பிறகு அதை இடுப்பில் செருகிவிட்டால் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்படிப்பட்ட முடிச்சைக் கூட்டத்தில், ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே, தெரியாமல் அவிழ்ப்பதென்றால் விரலில் எவ்வளவு வேலை இருக்க வேண்டும்! அந்த வேலையை அப்படியே படம் பிடித்த சொல் அது. ஜேப்பு வந்த பிறகு அவன் ஜேப்படித் திருடன் ஆனான், பிளேடு வந்தது. முடிச்சு போய்விட்டது. 'முடிச்சவிக்கி' வசவாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த நாலிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எல்லாம் செயலைச் சொல்கின்றன. என்ன செய்தான், எங்கே செய்தான், எதைக் கொண்டு செய்தான் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கேடியில் அது இல்லை. அவன் கன்னம் வைத்தானா, மாடு பிடித்தானா, முடிச்சு அவிழ்த்தானா, ஒன்றும் தெரியாது. ஏட்டில் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 6, பின்குறிப்பு

'கூட்டுக்கொள்ளை'யை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அது சட்டச் சொல், தலைகளை எண்ணுகிற சொல். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் கூட்டுக்கொள்ளை. பழைய தண்டனைச் சட்டத்தில் 391ஆம் பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 310. "பயங்கர ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த கும்பல் கைது" என்ற செய்தியில் கொள்ளைக்குத் திட்டமிட்டதாக வழக்கு இருந்தால், ஆட்களை எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் குறையாது. சட்டம் கேட்கிற தொகை அது.

ஜூன் 9

பேப்பர் ஆபீசில் மாவட்டப் பக்கம் பார்த்தவன் நான். குற்றச் செய்திகள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மொத்தமாக வந்து விழும். அனுப்புகிற நிருபர்கள் எல்லோருக்கும் இரண்டு சொல் கைப்பழக்கம்: 'பிரபல', அப்புறம் 'கேடி' அல்லது 'ரவுடி'. பிரபல ரவுடி, பிரபல கேடி, பிரபல கொள்ளையன். ஊரில் ஒருவருக்கும் தெரியாதவன்கூடப் பிரபலம்.

எங்கள் மூத்த உதவி ஆசிரியர் சிவப்பு மையில் 'கேடி'யைச் சுழித்துவிடுவார். "என்ன வழக்கு, எப்போது, தண்டனை ஆயிற்றா? இந்த மூன்றையும் போடு. மூன்றும் கிடைக்கவில்லை என்றால் வயசையும் ஊரையும் போட்டு நிறுத்து." ஆரம்பத்தில் எனக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது. தலைப்புக்கு மூன்றெழுத்துக்குள் அடங்குகிற சொல் கிடைப்பது எவ்வளவு அரிது என்று பக்கம் கட்டியவர்களுக்குத் தெரியும். கேடி இரண்டே எழுத்து.

பிறகு ஒரு நாள் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். சலவைச் சட்டை, கையில் மடித்த பழைய பேப்பர். சைக்கிள் திருட்டு வழக்கொன்றில் சின்ன வயதில் தண்டனை பட்டவர். அப்புறம் வழக்கே இல்லை, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் நகை போனபோது விசாரிக்கக் கூட்டிப்போய் மறுநாள் அனுப்பிவிட்டார்கள். ஒரு செய்தியில் அவர் பேருக்கு முன்னால் கேடி. மகளுக்குப் பேசிய இடத்தில் அந்தப் பேப்பரைக் காட்டிக் கேட்டார்களாம். அவர் கோபப்படவில்லை. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது எப்போ சார் போகும்?" என்றார். உதவி ஆசிரியர் அவரை உட்கார வைத்துத் திருத்தம் எழுதினார். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் பக்கத்தில் அந்தச் சொல் வரவிட்டதில்லை.

ஜூன் 10

ரவுடி, போக்கிரி, குண்டர் மூன்றையும் கேட்டிருக்கிறார்கள்.

ரவுடி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளம்பிய சொல். ஆங்கிலத்தில் பெரும்பாலும் கூச்சலும் அடாவடியுமான கூட்டத்துக்குச் சொல்லும் அடைமொழி. இங்கே வந்ததும் ஆளாகிவிட்டது. ஸ்டேஷனில் 'ரவுடி ஷீட்' திறந்தார்கள், அதில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். அதே கதைதான். வெளியே இருந்து வந்த சொல் ஏட்டில் ஏறி உத்தியோகம் பார்க்கிறது.

போக்கிரியைப் 'போக்கு' என்பதோடு ஒட்ட வைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. தெலுங்கில் போகிரி, கன்னடத்தில் போக்கரி, மலையாளத்தில் போக்கிரி. நாலு வீட்டில் ஒரே ஆள் நடமாடும்போது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

குண்டர்தான் சுவையானது. தேவாரத்திலேயே குண்டர் உண்டு. சம்பந்தர் சமணரைச் சாடும்போது வருவது. அதற்கும் இன்றைய குண்டருக்கும் தொடர்பில்லை. இன்றைய குண்டர் வடக்கே வழங்கும் குண்டா. வங்காளத்தில் 1923லேயே குண்டாக்கள் சட்டம் போட்டார்கள். இங்கே 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். அதன் முழுப் பேரைச் சொல்லி முடிக்க மூச்சுப் பிடிக்க வேண்டும்; கள்ளச்சாராயம் விற்பவர், குண்டர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர் என்று வரிசையாகப் போகும். பிறகு வனக் குற்றவாளிகள் சேர்ந்தார்கள், 2004ல் திருட்டு வீடியோ சேர்ந்தது, 2014ல் இணையக் குற்றங்களும் பாலியல் குற்றங்களும் சேர்ந்தன. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் அதிகபட்சம் ஓராண்டு உள்ளே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இது. அந்தச் சட்டத்தின் கணக்குப்படி குண்டர் என்பது பல வகையில் ஒரு வகை. சாராய வழக்கில் பிடிபட்டவர் சட்டத்தின் கண்ணில் குண்டர் அல்ல, சாராய வகை. ஆனால் செய்தியில் எல்லோருக்கும் 'குண்டர் சட்டத்தில் கைது'. பேச்சில் இன்னும் சுருக்கம்: "குண்டாஸ்ல போட்டுட்டாங்க." திருட்டு சிடி விற்ற பையனும் கத்தி எடுத்தவனும் ஒரே சொல்லுக்குள் அடைந்துவிட்டார்கள்.

ஜூன் 10, இரவு

சட்டப் புத்தகத்திலிருந்து தெருவுக்கு வந்ததற்கு இன்னொரு உதாரணம் கேட்டவருக்கு: 420. மோசடிக்கான பிரிவு எண், நாடு முழுக்க வசவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அந்த எண்ணில் அந்தக் குற்றம் இல்லை, 318க்குப் போய்விட்டது. யாராவது யாரையாவது '318' என்று திட்டிக் கேட்டதுண்டா? 420 இன்னும் பல காலம் இருக்கும்.

ஜூன் 14

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஏடு என்று ஆரம்பித்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பேச்சு பாதியில் நிற்கும்.

கே.டி. ஏடு தண்டனை பெற்ற தனி ஆளுக்கானது. இன்னொரு ஏடு இருந்தது. அதில் ஏற எந்தக் குற்றமும் செய்ய வேண்டாம், ஒரு சமூகத்தில் பிறந்தால் போதும். குற்றப் பழங்குடிகள் சட்டம். 1871ல் வடக்கே வந்தது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தை அரசு அப்படி அறிவித்துவிட்டால் அது சரிதானா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். பேர் பதிந்து, பத்து விரலிலும் மை தடவி உருட்டினார்கள். மதுரைப் பக்கத்து மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். சட்டத்தின் ஆங்கிலப் பேர் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. தங்கள் விரலுக்கு என்ன நடந்ததோ அதையே பேராக வைத்தார்கள்.

ரேகை வைத்த ஆண்கள் ராத்திரியில் போலீசின் கண் முன்னால் படுத்துக் கிடக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். பாரசீகத்தில் ராஹ் என்றால் வழி. சங்கப் பாட்டின் ஆற்றுக்கும் இந்த ராதாரிக்கும் பொருள் ஒன்றே. வழியை மறிப்பவன் கள்வன் என்று ஒரு காலம் சொன்னது. இங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவனின் வழியை அரசு மறித்தது.

1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மறுத்துக் கூடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் இருந்தார். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் நீங்கியது, நாடு முழுக்க 1952ல். 1948லேயே இங்கே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பேரில் இருந்த 'பழங்குடி' தமிழ்ப் பேச்சில் 'பரம்பரை' ஆயிற்று. குற்றப்பரம்பரை. ஆங்கிலத்தில் கூட்டத்தைச் சொன்னார்கள், தமிழில் அது ரத்தத்தைச் சொல்வதாகிவிட்டது. அரசு பிறகு வைத்த சொல் 'சீர்மரபினர்'. அலுவலகச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்லும் அக்கறையோடு அதை உண்டாக்கியிருக்கிறார்.

ஜூன் 15

நேற்றைய குறிப்புக்கு வந்த ஒரு கேள்வி: "அப்படியானால் அந்த ஊர்களில் களவே நடக்கவில்லையா?" நடந்தது. காவலும் நடந்தது. மதுரை மாவட்டத்தில் ஊர்க் காவலுக்குக் கூலி வாங்கினார்கள். மாடு காணாமல் போனால் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுக்கத் 'துப்புக்கூலி' வாங்கினார்கள். காவல் கூலி கொடுக்காதவன் மாடு காணாமல் போனதும் உண்டு. சோழர் கல்வெட்டிலேயே 'பாடிகாவல்' என்று வரி இருக்கிறது, அவ்வளவு பழைய ஏற்பாடு. அதைக் கம்பெனி அரசாங்கம் கலைத்துத் தன் போலீசை வைத்தது. பிழைப்பு போனவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டவில்லை. இன்றைய போலீசின் தமிழ்ப் பேர் காவல்துறை, அது அந்தப் பழைய காவல்தான்.

ஜூன் 19

திசை மாறுகிறது, இருந்தாலும் கேட்டுவிட்டார்: உயிருக்கும் துணிந்து, எதற்கும் அஞ்சாமல், சட்டத்தை மதிக்காமல் திரிகிறவனுக்கு ஒரே சொல்லாகத் தமிழில் என்ன?

கேடி ஆகாது. அதில் துணிச்சல் இல்லை, பதிவு மட்டுமே இருக்கிறது. கொள்ளைக்காரன் தொழிலைச் சொல்கிறது. அடங்காப்பிடாரி வீட்டுக்குள் சொல்வது. விட்டேற்றி பக்கத்தில் வருகிறது. எதிலும் பற்றில்லாதவன், நாளைக்கு என்ன என்று பார்க்காதவன். ஆனால் கையில் ஆயுதம் இல்லாதவனையும் அப்படிச் சொல்வோம்.

எனக்கு நெருக்கமாகப் படுவது தறுதலை. அதன் முன்பாதியைப் பாருங்கள். தறுகண் என்ற பழஞ்சொல்லின் முன்னாலும் அதே 'தறு' நிற்கிறது. கல்வி, தறுகண், இசைமை, கொடை இந்த நாலும் பெருமிதத்துக்குக் காரணம் என்கிறது தொல்காப்பியம். அஞ்சாத பார்வை அன்று வீரனின் இலக்கணம். இன்று தறுதலை என்றால் பெற்றவர் பேச்சைக் கேட்காமல் தெருவில் நிற்கும் பையன். வேந்தன் ஏவ அடுத்த நாட்டு மாட்டைக் களவில் கொண்டுவந்தால் வெட்சி சூடிப் பாடினார்கள், ஏவாமல் கொண்டுவந்தால் கள்வன் என்றார்கள். மாடு ஒன்று, துணிவு ஒன்று, உத்தரவு மட்டும் வேறு. அஞ்சாதவனை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை அன்றைக்கும் மேலே இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். நான் ஜூன் 6 அன்று பழைய சொற்கள் எல்லாம் செயலைச் சொல்கின்றன என்றேனே, அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. திருட்டின் வகைகளுக்கு அது பொருந்தும். துணிச்சலுக்கு வைத்த பேர்களுக்குப் பொருந்தாது.

ஜூன் 22

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தெலுங்குச் சான்றை ஏற்கிறார், கன்னடச் சான்றுக்கு நன்றி சொல்கிறார். கூடவே ஒன்று கேட்கிறார்: "என் அம்மா என் மகனைக் 'கேடிப் பயலே' என்று கொஞ்சுகிறார். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தடுக்க வேண்டும் போலிருக்கிறது."

வேண்டாம் ஐயா. அம்மா சொல்கிற கேடிக்கும் ஸ்டேஷன் கேடிக்கும் இப்போது உறவே இல்லை. பேரன் பலகாரத்தை எடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான், அந்தச் சாமர்த்தியத்துக்கு அவர் கொடுக்கும் பட்டம் அது. 'கில்லாடி'யும் அப்படித்தான் இடம் மாறியது. இந்தியில் வெறும் விளையாட்டுக்காரன், இங்கே கெட்டிக்காரன். பயமுறுத்துவதற்காக வந்த சொல்லை வீட்டில் இருப்பவர்கள் எடுத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

தடுக்க வேண்டிய இடம் வேறு. அந்தப் பட்டறைக்காரர் விரல் வைத்துக் காட்டிய இடம். பெரியவர் ஒருவரின் பேருக்கு முன்னால், அச்சில், வழக்கும் தண்டனையும் சொல்லாமல் போடுகிற கேடி.

ஜூன் 22, அடுத்து

எழுத்துமுறை கேட்டவருக்கு. போலீஸ் ஏட்டைப் பற்றிப் பேசும்போது 'கே.டி.' என்று புள்ளி வைத்து எழுதுங்கள்; பழைய பத்திரிகைகளிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் புள்ளியில்லாத 'கேடி'. அகராதி செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே தலைச்சொல்லின் கீழ் இரண்டு பொருளையும் தனித்தனியே கொடுக்கலாம். கேடு என்ற சொல்லையும் 'ஒப்பிடுக' என்று பக்கத்தில் காட்டினால் இந்த இழையைத் தொடங்கியவருக்கும் நியாயம் செய்ததாகும்.